கிழவியிடம் திரும்பி வந்தேன்

உன் டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தால் இன்னும் நெத்தலிக் கருவாட்டு வாசம் வருகிறது. அபாயா தைத்து மிஞ்சிய கறுப்புத் துணியில் நீயே அதற்கு உறை தைத்திருந்தாய். வாய்ப் பக்கம் ஒரு பித்தளைப் பொத்தான். பள்ளிவாசல்துறையில் உங்கள் வீட்டில் கருவாட்டு மூடைகள் வைக்கும் அறையில்தான் உன் கணினியும் இருந்தது. உறையை மூன்று தரம் கழுவிவிட்டேன். வாசம் போகவில்லை. இப்போது கழுவுவதை விட்டுவிட்டேன்.

கலியாண வீடியோ செய்கிறவர்களின் போன் குழுவில் நேற்று ஒரு புதுப் பிள்ளை என்னைக் கேட்டிருந்தாள்: "எல்லாரும் பழைய சொப்ட்வெயார விட்டுட்டு புதுசுக்குப் போறாங்க. நீங்க மட்டும் ஏன் புதுச விட்டுட்டு பழசுக்குப் போனீங்க?" நான் வாய் திறக்குமுன் மற்றவர்கள் தங்கள் கதைகளைக் கொட்டிவிட்டார்கள். பழையது அடிக்கடி நின்றுபோகிறதாம். கொழும்பில் எல்லாரும் புதியதில்தான் வேலை செய்கிறார்களாம். நிறம் அதில்தான் வடிவாக வருகிறதாம். ஒருத்தர், தான் மாறியதற்குக் காரணம் மச்சான் மாறியதுதான் என்று எழுதியிருந்தார். அவர் ஒருத்தர்தான் நேர்மையானவர் என்று நினைத்துக்கொண்டேன். நான் நாலு வரி எழுதி அழித்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை என்பதும் காரணம்.

பழைய மென்பொருளுக்குக் கிழவி என்று பெயர் வைத்தது நீ. எழும்ப நேரம் எடுக்கும், சும்மா சும்மா முறைப்பாடு சொல்லும், பாதி வேலையில் மயங்கிவிழும். அது உறைந்து நிற்கும்போது நீ கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "கிழவி மௌத்தாப் போனா. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க" என்பாய். புத்தளம் நகரத்தில் அந்த ஸ்டூடியோவின் மேல்மாடியில் நாம் இரண்டு பேர். கீழ்மாடியில் ஆண்கள் பக்கம் வெட்டும் ரிஸ்வானும் அவன் ஆட்களும். பெண்கள் மண்டபத்தில் எடுத்த காட்சிகளை ஆண் கண் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் எங்களுக்கு மேல்மாடி தந்தார்கள். படம் பிடித்ததும் நீ, நிறம் பார்த்ததும் நீ. நான் வெட்டுவேன், எழுத்துப் போடுவேன்.

உனக்கென்று சில சட்டங்கள் இருந்தன. பெண்கள் பக்கக் காட்சிகள் உன் டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் டிஸ்க்கை அந்த வீட்டுக்கே கொண்டுபோய், படத்தைப் பெண்ணின் தாயிடம் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே உன்னிடமிருப்பதை அழிப்பாய். மண்டபத்தில் யாராவது ஒரு மாமி, "என்னய மறைச்சிருங்க புள்ள" என்று சொன்னால் அவர் உடுத்திருந்த நிறத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வாய். பிறகு அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் முகத்தின் மேல் மங்கலாக ஒரு வட்டம் வைத்து, அவர் நடக்க நடக்க அதை நகர்த்துவாய். ஒரு நிமிடக் காட்சிக்கு அரை நாள் போகும். "யாருக்கடி தெரியப்போகுது?" என்று நான் சிரித்தால், "அந்த மாமிக்குத் தெரியும்" என்பாய். எந்த வேலையைத் தொடங்கினாலும் உன் முதல் வார்த்தை ஒன்றுதான்: "எங்க சேவ் ஆகுதெண்டு பாரு."

பிறகு ஸ்டூடியோ முதலாளி, நாம் நானா என்று கூப்பிடுகிறவர், புதுக் கெமரா வாங்கினார். அவருடைய காரணங்கள் பிழையில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். புதுக் கெமராவின் காட்சிகளைக் கிழவியால் ஓட்ட முடியவில்லை. மணப்பெண் ஒரு கையை உயர்த்தி இறக்குவதற்குள் படம் ஐந்து தரம் திக்கியது. பெண்பிள்ளைகள் போனில் பார்த்த கலியாணங்களைக் காட்டி அதே நிறம் கேட்டார்கள். கிழவியும் நாம் காசு கொடுத்து வாங்கியவள் இல்லையே. எவனோ பூட்டுடைத்துக் கொடுத்த பிரதி. இந்தக் கரையில் காசு கொடுத்து வாங்கிய ஒருத்தரை நான் கண்டதில்லை. கீழ்மாடி ஏற்கெனவே மாறிவிட்டது. "ரெண்டு மாடியும் ஒரே சொப்ட்வெயார்ல இரிக்கணும். எனக்குக் கீழ இருந்தே வேலை எங்க நிக்கிதெண்டு பாக்க ஏலும்" என்றார் நானா.

நீ மாற்றத்துக்குப் பயந்தவள் என்று பிறகு கதைத்தார்கள். பச்சைப் பொய். ஒரு கிழமையில் என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டாய். புதியதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நீதான். "புது மாப்பிள்ளைக்குப் புது மெஷின் வேணும், ரெம் வேணும், ஏசி வேணும். எங்கட கிழவி ஒண்டும் கேக்காம பாணும் சம்பலும் திண்டுட்டு வேலை செஞ்சா." நான் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். நீ சிரிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு, "இவரு சாமான எங்க வெக்கிறாரு?" என்று கேட்டாய்.

அதுதான் கேள்வி. மாப்பிள்ளை வேகமாக ஓடுவதற்காக ஒவ்வொரு காட்சிக்கும் தானாகவே ஒரு சின்னப் பிரதி எடுத்து வைப்பார். எங்கே வைக்க வேண்டும் என்று திரையில் திறக்கும் ஒரு பெட்டியில் நாம் சொல்ல வேண்டும். நீ உன் டிஸ்க்கைக் காட்டிவிட்டாய். டிஸ்க் பழையது. பிரதி எடுத்து முடிய நாள் கணக்காகும் போலிருந்தது. அப்போது கையிலிருந்த கலியாணத்தின் வலீமா விருந்தில், பெண்கள் மண்டபத்தில் அந்தப் படம் ஓட வேண்டும். வண்ணாத்திவில்லுக்காரரான மணமகன் வீட்டார் நானாவுக்கு நேரத்துக்கு நேரம் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானா படியின் கீழே நின்று என் பெயரைக் கத்தினார்.

நீ மதிய லுஹர் தொழப் போயிருந்தாய். நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உன் டிஸ்க்கை மாற்றி, இரண்டு மாடிக்கும் பொதுவான டிரைவைக் காட்டினேன். அது வேகமானது. பிரதிகள் கிடுகிடுவென்று ஏறின. நீ முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டு வந்து, "என்னடி, மாப்பிள்ளைக்குத் திடீரெண்டு சுகம் வந்திட்டு" என்றாய். "ஏசி போட்டேன்" என்றேன். மாலையில் மாற்றி வைப்போம், பிரதிகளை அழித்துவிடுவோம் என்று நினைத்தேன். மாலையில் மறந்துவிட்டேன். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய சதி ஒன்றும் இல்லை. மென்பொருளிலும் பிழையில்லை. கேட்ட இடத்தில் வைத்தது. கேட்டது நான்.

அடுத்த நாள் ரிஸ்வான் அந்த மணமகனின் தம்பிக்கு ஒரு சின்ன வீடியோ செய்து கொடுத்தான். அதன் நடுவில், மணப்பெண் தலையில் துணியில்லாமல் தன் சாச்சியின் மகள்மாரோடு கைகோத்துச் சுற்றும் பதினொரு விநாடி இருந்தது. தம்பி அதைப் போனில் போட்டான். லுஹருக்குப் போட்டது பின்னேர அஸருக்குள் தோஹா போய்த் திரும்பி வந்துவிட்டது. பெண் கலியாணம் முடித்து நாலாவது நாள். அவளைத் தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நானா எங்கள் இருவரையும் கீழே கூப்பிட்டார். ரிஸ்வான் சுவரில் சாய்ந்து நின்றான். "பொது ஃபோல்டர்ல இருந்திச்சி. நான் எடுத்தேன். எனக்கு என்னண்டு தெரியும்?" என்றான். அவனுக்குத் தெரியும். பெண்கள் மண்டபத்துத் திரைச்சீலையும் பெண்கள் மட்டும் இருக்கும் வரிசையும் அவனுக்குத் தெரியாமலா போகும்? எடுத்தவனிடம் அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் போட்டவனிடமும் கேட்கவில்லை. வைத்தவள் யார் என்றுதான் தேடினார்கள்.

"யார்ட மெஷின்?" என்றார் நானா.

மேல்மாடி மெஷினைக் கீழிருந்தே காட்டும் நானாவின் திரையை நீ பார்த்தாய். அந்தப் பெட்டி திறந்திருந்தது. பொது டிரைவின் பெயர் அதில் தெளிவாக இருந்தது. நீ அதை முழுவதும் வாசித்தாய். உன் உதடு அசைந்ததைக் கண்டேன். பிறகு என்னைப் பார்த்தாய். அதிக நேரம் இல்லை.

"என்ட மெஷின்தான் நானா. நான் பாத்திருக்கணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் இதில் அடிபட்டால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். அது பிறகு எப்படியும் நின்றுபோனது, வேறு காரணத்துக்காக. உன்னை விற்று நான் ஒன்றையும் வாங்கவில்லை. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

உன்னை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வீட்டிலும் உன்னைக் கெமராவோடு வாசலில் ஏற்றவில்லை. பள்ளிவாசலுக்கு வரும் ஆட்கள் உன் வாப்பாவிடம் முகத்துக்கு நேரே கதைத்தார்களாம். கடலில் முழு வயதும் உழைத்த மனிதர், தோணியை இழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் பின்வாசலால் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். மானம் என்ற சொல்லை இந்த ஊரில் ஆண்கள் எவ்வளவு சுலபமாகப் பாவிக்கிறார்கள். சுமக்கச் சொல்லும்போது மட்டும் அது பெண்பிள்ளையின் தலைக்கு வருகிறது.

ஒருநாள் பாலாவிச் சந்தியில் நீ கல்பிட்டி பஸ்ஸுக்கு நின்றபோது உன்னைக் கண்டேன். உப்பளப் பக்கமிருந்து அடித்த காற்றில் உன் முக்காடு பறந்தது. நீ அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு நின்றாய். நான் ஒளியப் பார்த்தேன். நீ கண்டுவிட்டாய்.

"மாப்பிள்ளை எப்பிடி இரிக்காரு?" என்றாய்.

"சுகம்."

"நான் வீட்ட கிழவியோடதான். பேர்த்டே வீடியோ செய்றேன். பூனைக்கும் ஒரு பேர்த்டே வீடியோ செஞ்சேன், தெரியுமா?"

சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாய். "எங்க சேவ் ஆகுதெண்டு பாத்துக்க என்ன" என்றாய். உனக்குத் தெரியும் என்பது அப்போது எனக்கு உறுதியானது. பஸ் போன பிறகு நீண்ட நேரம் அந்தச் சந்தியிலேயே நின்றேன். அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். டெங்கு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றும் வழியில் முடிந்தது. மையித்து வீட்டில் உன்னைக் குறை சொன்ன வாய்களே, "எவ்வளவு நல்ல புள்ள" என்று அழுதன. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து அழுதேன். அந்த வாய்களில் ஒன்றுதான் நானும்.

நாற்பது நாள் கழித்து உன் உம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கருவாட்டு அறையில் நிலத்தில் இருந்தார். அலுமாரிக்குள்ளிருந்து இந்தக் கறுப்பு உறையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாங்க மகள். இதுல ஊர்ப் பொம்புளைகள்ட முகமெல்லாம் இரிக்காம். அமானிதமாம், நம்பி ஒப்படைச்ச பொருளாம். காய்ச்சலோட சொன்னா, ஒங்கட கையில மட்டும் குடுக்கச் சொல்லி."

என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே சொன்னேன். பெட்டியைத் திறந்ததும், டிரைவை மாற்றியதும், நானாவின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதும். முடிந்ததும் உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"எனக்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? என்ட புள்ளயப் பத்தி நான் ஒண்டும் கதைக்கல்லயே. கதைச்ச ஆக்கள்ட்டப் போய்ச் சொல்லுங்க."

டிஸ்க்கில் நாலு கலியாணங்கள் இருந்தன. மூன்று, நீ கிழவியில் முக்கால்வாசி முடித்து வைத்தவை. பிரச்சினை வந்த பிறகு அந்த வீட்டார் படம் கேட்டு வரவேயில்லை. நாலாவது, தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணுடையது, கெமராவிலிருந்து இறக்கியபடியே. நான் அப்போது நானாவிடமிருந்து விலகி என் வீட்டு அறையில் மாப்பிள்ளையோடு தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். உன் கோப்புகளை மாப்பிள்ளையில் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அதாலும் கொண்டுவந்து பார்த்தேன். வெட்டுகள் வந்தன. நீ வைத்த வட்டங்கள் ஒன்றுகூட வரவில்லை. மறைக்கச் சொன்ன மாமிகள் எல்லாரும் திறந்த முகத்தோடு என் திரையில் நடந்து வந்தார்கள். ஒருத்தர் வாயில் சோறோடு கெமராவைப் பார்த்துக் கையை ஆட்டி, வேண்டாம் என்கிறார். நான் திரையை அணைத்துவிட்டேன்.

அந்த வட்டங்கள் கிழவிக்குள் மட்டும்தான் இருக்கின்றன. குழுவில் கேட்ட பிள்ளைக்கு விடை இதுதான். பழையது நல்லது என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் மயங்கி விழுகிறது. புதுக் கெமராக் காட்சியை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க ஒரு பகல் முழுவதும் போகிறது. உன் டிஸ்க்கின் அடியில் ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் "கிழவி". உள்ளே அவளை மறுபடி ஏற்றுவதற்கான முழுச் சாமானும். இந்த டிஸ்க் யார் கைக்குப் போனாலும் அவளில்லாமல் இது திறக்காது என்று நீ யோசித்திருக்கிறாய். மாப்பிள்ளையை நீக்கினேன். இணையக் கம்பியைக் கழற்றினேன். கிழவியை ஏற்றினேன்.

முதல் மூன்று படங்களையும் உன் சட்டங்களின்படியே முடித்தேன். வீட்டுக்கு வீடு கொண்டுபோனேன். கொடுத்து, கண் முன்னால் அழித்து, பிறகு சொன்னேன்: "அந்த வீடியோவ பொது இடத்தில வெச்சது அவ இல்ல. நான்." முதல் வீட்டில் ஒரு மாமி, "அது போன கதை மகள். டீ குடிங்க" என்றார். இரண்டாவது வீட்டில், "மௌத்தான ஆளப் பத்தி இப்ப என்னத்துக்குக் கதைக்கிற?" என்றார்கள். உயிரோடு இருந்தபோது கதைத்தது அதே வீடுதான். மூன்றாவது வீட்டில் படத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். நான் ஏதோ பெரிய பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒருவருக்கும் உண்மை தேவைப்படவில்லை. அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்ட நாளில் ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

போகும் வழியில் நானாவின் ஸ்டூடியோவைக் கடந்தேன். புதுப் பலகை மாட்டியிருக்கிறார்: "பெண்கள் பகுதி தனி அறையில், இணையம் இல்லாத கணினியில், பெண்களால் மட்டும்." நீ கேட்டது எல்லாம் எழுத்தில் இருக்கிறது, வண்ண விளக்கோடு. கீழே ரிஸ்வான் இன்னும் வேலை செய்கிறான்.

நாலாவது வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்தப் பெண் இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். அவளே கதவைத் திறந்தாள். நான் சொன்னேன். அவள் நிலைக்கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்க செஞ்சிரிக்க மாட்டாங்க எண்டு எனக்கு அப்பவே தெரியும். அண்டைக்கு மண்டபத்தில என்ட தலையில துணி சரிஞ்சிட்டு. அவங்க கெமராவ வெச்சிட்டு வந்து சரி பண்ணினாங்க. பிறகு துணிய எடுத்துட்டு ஆடினது நான்தான். எனக்கு அவங்க மேல நம்பிக்கை."

"நீங்க யார்ட்டயும் சொல்லல்லயா?"

"என்னட்ட யாரு கேட்ட?" என்றாள். பிறகு, "நீங்க ஏன் அப்பவே சொல்லல்ல?" என்றாள்.

கலியாணப் பேச்சைச் சொல்லவா? மறதியைச் சொல்லவா? அவள் என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தாள். படத்தை வேண்டாம் என்றாள். "அழிச்சிருங்க. என்ட முன்னால அழிங்க." வாசல் படியில் இருந்துகொண்டு மடிக்கணினியைத் திறந்து அழித்தேன். அவள் கடைசிக் கோப்பு போகும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டிஸ்க்கில் இப்போது கிழவியைத் தவிர ஒன்றும் இல்லை. அமானிதம் முடிந்தது. உம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. அதனால் என் பையிலேயே இருக்கிறது. நிறைந்திருந்தபோது இருந்த அதே பாரம்தான் இப்போதும். டிஸ்க் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு நாளும் பையைத் தோளில் போடும்போது கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று கையால் தூக்கிப் பார்க்கிறேன்.

வேலை தொடங்குமுன் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன். எங்கே சேவ் ஆகிறது என்று முழுவதும் வாசிக்கிறேன், நீ அன்று நானாவின் முன்னால் வாசித்ததைப் போல, உதடசைத்து. வாசித்து முடித்ததும் திரும்பிப் பார்க்கிறேன். என்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பிறகுதான் முதல் வெட்டு.